வாஷிங் மெஷினை மாடிக்கு மாத்தினதுலேர்ந்து பாத்ரூம்ல நாத்தம், தரை டிராப்ல குடுகுடு சத்தம் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

முத்தியால்பேட்டை_மாடிவீடு

எல்லாருக்கும் வணக்கம். எங்களது பழைய வீடு, கீழ வாடகைக்கு விட்டுட்டு அம்மா, நான், பையன் மூணு பேரும் மாடியில இருக்கோம். மெஷின் இவ்ளோ நாளா கீழ பின்கட்டுல துவைக்கிற கல்லு பக்கத்துல தான் இருந்துச்சு, ஹோஸை தரையில விட்டா தண்ணி வாட்டத்துல ஓடி கல்லி டிராப்புல (வெளிய கழிவுத் தண்ணி விழுற சின்னத் தொட்டி) விழுந்துரும், ஒரு நாள் கூட தொந்தரவு இல்ல. அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாயிடுச்சு, போன மாசம் ஈரத்துணி பக்கெட்டோட படி ஏறும்போது வழுக்கி கைப்பிடியைப் பிடிச்சதால தப்பிச்சாங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் மெஷின் மாடிக்கு வந்தாகணும்னு.

மாடி பாத்ரூமுக்கு வெளிய ஒரு சின்ன நடை இருக்கு, அங்க வெச்சோம். ஃப்ரன்ட் லோட், 7 கிலோ. பிளம்பர் வந்து பாத்ரூம் சுவத்துல ஓட்டை போட்டு, தரை நானி டிராப்லேர்ந்து (தரை ஓட்டைக்கு அடியில தண்ணி நிக்கிற கிண்ணம்) வெளிய போற 2 இஞ்ச் பைப்புல ஒரு டீ (T மாதிரி மூணு வாய் இருக்கிற இணைப்பு) வெச்சு அதுல மெஷின் ஹோஸை சொருகி சுத்தி எம்-சீல் அடைச்சுட்டுப் போனாரு. அரை நாள்ல வேலை முடிஞ்சுது.

அதுலேர்ந்து, மெஷின் தண்ணிய வெளிய தள்ளும்போதெல்லாம் பாத்ரூம் தரை டிராப் குடுகுடு குடுகுடுன்னு சத்தம் போடுது. காலையில கதவைத் திறந்தா சாக்கடை நாத்தம். ரெண்டு தடவ டிராப் வழியா நுரை பொங்கி பாத்ரூம் பூரா பரவிடுச்சு. அப்புறம் முன்னாடி ஒரு மணி நேரத்துல முடியுற வாஷ் இப்ப ரெண்டு மணி நேரம் ஓடுது, தண்ணி எடுத்துக்கிட்டே இருக்குது. பிளம்பரைக் கூப்ட்டா "புது பைப்பு மேடம், கொஞ்ச நாள்ல செட் ஆயிடும்"ங்கிறாரு. பைப்பு எப்படிங்க செட் ஆகும்? தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க. அம்மா அந்த பாத்ரூம் தான் பயன்படுத்துறாங்க, வழுக்கி விழுந்துருவாங்களோன்னு பயமா இருக்கு.

லாஸ்பேட்டை_வாடகை

நாத்தத்துக்கு ஆசிட் ஊத்தி பாருங்க அக்கா, எங்க வீட்டுல அப்படித் தான் போச்சு.

ஓ.டி._பைப்புவேலை (கடலூர்)

ஆசிட் வேணாம்மா. அது நாத்தத்தோட காரணத்தை தொடாது, டிராப்பும் ரப்பர் ரிங்கும் தான் கெட்டுப் போகும், அம்மா நிக்கிற இடத்துல ஆசிட் புகை வேற வேணாம். நான் கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கம் 20 வருஷத்துக்கு மேல குழாய் வேலை பாக்குறேன். நீங்க சொன்னதுல ஒண்ணுக்கு மேல தப்பு இருக்கிற மாதிரி தெரியுது, அதனால மூணு விஷயம் பாத்து சொல்லுங்க.

மெஷின் பின்னாடி ஹோஸ் மேல கிளிப்புல மாட்டி இருக்கா, இல்ல கழட்டி தரையோட இழுத்து விட்ருக்காங்களா. ரெண்டாவது, ஒரு வாஷ் முடிஞ்ச உடனே பாத்ரூம் டிராப் ஜாலியைக் கழட்டி டார்ச் அடிச்சு பாருங்க, உள்ள தண்ணி எவ்ளோ நிக்குதுன்னு ஒரு குச்சி விட்டு அளந்து சொல்லுங்க. மூணாவது தான் முக்கியம், வெளிய சந்துல எறங்குற பெரிய பைப்பு மொட்டை மாடிக்கு மேல வரைக்கும் போயி திறந்து இருக்கா, இல்ல பாத்ரூம் மட்டத்தோட நின்னுடுதா.

முத்தியால்பேட்டை_மாடிவீடு

பாத்துட்டேன் அண்ணா. ஹோஸ் எட்டலன்னு கிளிப்லேர்ந்து கழட்டிட்டாரு, தரையோட தரையா தான் போகுது, டீ வெச்ச இடம் தரையிலேர்ந்து நாலு விரக்கடை கூட இருக்காது.

டிராப்ல வாஷுக்கு முன்னாடி குச்சி ரெண்டு இஞ்ச் நனைஞ்சுது. வாஷ் முடிஞ்சு பாத்தா அரை இஞ்ச் கூட இல்ல, உள்ள பைப்போட வாய் தெரியுது, அதுலேர்ந்து தான் நாத்தம் குப்புனு வருது. மொட்டை மாடிக்கு இன்னும் போகல, மழை பெய்யுது.

ஓ.டி._பைப்புவேலை (கடலூர்)

சரிம்மா, ரெண்டு கேள்விக்கு பதில் கிடைச்சுடுச்சு.

முதல்ல அந்த ரெண்டு மணி நேர வாஷ். ஃப்ரன்ட் லோட்ல பம்ப் தான் தண்ணிய தூக்கி வெளிய தள்ளும், ஹோஸ் வாய் டிரம் தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கிற வரைக்கும் பம்ப் ஓடாதப்போ தண்ணி உள்ளயே நிக்கும். உங்களுது கீழ படுத்துருக்கு. மெஷின் ஒரு பக்கம் தண்ணி எடுக்க எடுக்க இன்னொரு பக்கம் நின்னு போன பம்ப் வழியாவே தண்ணி தானா வடிஞ்சு போகுது, மெஷின் இன்னும் மட்டம் வரலன்னு நெனச்சு திரும்ப திரும்ப எடுக்குது. தண்ணியும் வீண் சோப்பும் வீண், துணியும் ஒழுங்கா வெளுக்காது. பெரும்பாலான ஃப்ரன்ட் லோட் புக்குல ஹோஸ் வாய் தரையிலேர்ந்து 60 செ.மீ.லேர்ந்து 100 செ.மீ.க்குள்ள இருக்கணும்னு போட்டிருப்பாங்க, உங்க மெஷின் புக்கை எடுத்து அந்தப் பக்கத்தைப் பாருங்க.

அடுத்து டிராப். நானி டிராப்புக்குள்ள நிக்கிற அந்த ரெண்டு இஞ்ச் தண்ணி தான் உங்க வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவுல இருக்கிற கதவு. வேற கதவே கிடையாது. சாக்கடை காத்து, கரப்பான், கொசு எல்லாத்தையும் தடுக்கிறது அந்த தண்ணி மட்டும் தான். இப்ப உங்க மெஷின் ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவை உறிஞ்சி எடுத்துடுது. குடுகுடு சத்தம்னு சொன்னீங்களே, அது டிராப் தண்ணிய கிழிச்சுக்கிட்டு காத்து உள்ள போற சத்தம்.

லாஸ்பேட்டை_வாடகை

அண்ணா மன்னிச்சுக்கங்க தெரியாம சொல்லிட்டேன். ஆனா மெஷின் தண்ணிய தள்ளுது தானே, உறிஞ்சுறது எப்படி? புரியல.

மஞ்சக்குப்பம்_வாத்தியார்

இதை நான் சொல்றேன் தம்பி, பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு சொல்லிக் கொடுக்கிறது தான். 15 கிலோ எண்ணெ டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டு கவுத்து பாருங்க. எண்ணெ ஒழுங்கா வராது, குபுக் குபுக்னு நின்னு நின்னு வரும், ஏன்னா வெளிய போன எண்ணெயோட இடத்துக்கு காத்து வந்தாகணும், அது அதே ஓட்டை வழியா தான் உள்ள நுழைய வேண்டி இருக்கு. அதனால தான் கடைக்காரர் எதிர்மூலையில இன்னொரு சின்ன ஓட்டை போடுவாரு, போட்ட உடனே எண்ணெ சரசரன்னு கம்பி மாதிரி எறங்கும்.

பைப்பும் அதே தான். நீங்க மக்குல ஊத்துற தண்ணி பைப்போட அடியில ஒரு ஓரமா ஓடும், மேல்பாதியில காத்து இருக்கும், ஒண்ணும் ஆகாது. மெஷின் பம்ப் நிமிஷத்துக்கு பத்து பதினஞ்சு லிட்டர் தள்ளும்போது 2 இஞ்ச் பைப்பு அங்கங்க ரொம்பி ஒரு பிஸ்டன் மாதிரி தண்ணி நகரலாம். அது வெளிய பெரிய பைப்புல விழும்போது பின்னாடி காத்து பத்தாம வெற்றிடம் மாதிரி ஆகுது. பக்கத்துல பூட்டில்லாத ஒரே வாசல் அந்த டிராப் தண்ணி தான், வெளிக்காத்தோட அழுத்தம் அதை அமுக்கி உள்ள தள்ளிடுது. அதைத் தான் நாம உறிஞ்சுறதுன்னு சொல்றோம். அதே தண்ணி முன்னாடி இருக்கிற காத்தை அமுக்கினா எதிர்ப்பக்கம் நுரையா பொங்குது. ரெண்டும் ஒரே வியாதி தான், பைப்புக்கு மூச்சு விட வழி இல்ல.

அரியாங்குப்பம்_சைட்

வாத்தியார் சார் சொன்னது ரொம்ப சரி. அந்த ரெண்டாவது ஓட்டை தான் வென்ட், நம்ம மேஸ்திரிங்க ஏர் பைப்புன்னு சொல்றது. நான் வீடு கட்டுற சைட்ல இருக்கேன், பத்து வீட்டுல அஞ்சு வீட்டுல ஓனர் முதல்ல வெட்டச் சொல்றது இதைத் தான், எலிவேஷன்ல அசிங்கமா தெரியுதுன்னு. மேல நீட்டிக்கிட்டு நிக்கிற அந்த மூணடி பைப்புக்கு என்ன வேலைன்னு யாரும் ஓனருக்கு எடுத்து சொல்றது இல்ல, அது தான் எனக்கு மனசு கஷ்டம்.

ஓ.டி._பைப்புவேலை (கடலூர்)

அதனால தான்மா மொட்டை மாடியைப் பாக்கச் சொன்னேன். மழை விட்டதும் பாருங்க.

செம்மண்டலம்_அக்கா

இடையில கேக்குறதுக்கு மன்னிக்கணும். நாங்களும் மெஷினை உள்ள மாத்தலாம்னு இருக்கோம். எங்களுது டாப் லோட். அப்ப நாங்களும் ரெண்டரை அடி உயரத்துல பைப்பு வைக்கணுமா?

ஓ.டி._பைப்புவேலை (கடலூர்)

அய்யோ அவசரப்படாதீங்கம்மா, டாப் லோட்ல நிறைய மாடல்ல பம்ப்பே கிடையாது. அடியில ஒரு வால்வ் திறக்கும், தண்ணி தன் பாரத்துல கீழ எறங்கும், அவ்ளோ தான். செமி ஆட்டோமேட்டிக்கும் அப்படித் தான். அந்த ஹோஸைத் தூக்கி உயரத்துல மாட்டினா தண்ணி வெளியவே போகாது, டிரம்முல அழுக்குத் தண்ணி தேங்கி மெஷின் எரர் காட்டும். போன வருஷம் ஒரு வீட்டுல மாடுலர் கிச்சன் ஆளுங்க அழகா சுவத்துக்குள்ள மேல பாயின்ட் வெச்சு டைல்ஸும் ஒட்டி முடிச்சுட்டாங்க, மெஷினைக் கொண்டு வந்து மாட்டினா பம்ப் இல்லாத டாப் லோட், சுவத்தை உடைக்க வேண்டியதாப் போச்சு. உங்க மெஷின் ஹோஸ் அடியிலேர்ந்து தடிமனா நேரா வருதா, இல்ல பின்னாடி மேல ஏறி வருதான்னு பாருங்க. புக்குல டிரெயின் பம்ப்னு இருக்கான்னும் பாத்துட்டு தான் சுவத்துல கை வைக்கணும். பம்ப் இல்லன்னா தரையோட டிராப், ஹோஸ் வாட்டமா கீழ்நோக்கியே போகணும், வாசப்படி தாண்டிப் போற மாதிரி நடுவுல மேடு வரவே கூடாது.

செம்மண்டலம்_அக்கா

எங்களுது அடியிலேர்ந்து தான் வருது. நல்லவேளை கேட்டேன், நாளைக்கு ஆள் வர்றதா இருந்தாரு. ரொம்ப நன்றிண்ணா.

லாஸ்பேட்டை_வாடகை

முத்தியால்பேட்டை அக்கா, ஒரு யோசனை. பாத்ரூம் பைப்பே வேணாம், நடை பக்கத்துல மழைத்தண்ணி பைப்பு எறங்குதுல்ல, அதுல ஹோஸை விட்டுடலாமே. அது மேல திறந்து தான் இருக்கும், காத்துப் பிரச்சனையே வராது. எங்க பால்கனியில அப்படித் தான் விட்டுருக்கேன்.

ரெட்டியார்பாளையம்_கீழ்வீடு

தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. நான் கீழ்வீட்டுல இருக்கிறவன், எங்க மாடிவீட்டுல அதைத் தான் பண்ணாங்க. மழைத்தண்ணி பைப்புக்கு அடியில டிராப் கிடையாது, நேரா எங்க வாசல்ல யு டிரெயின்ல (திறந்த வாய்க்கால்) விழுது. சோப்புத் தண்ணியும் பஞ்சும் தேங்கி பாசி பிடிச்சு வாசல்ல கால் வைக்க முடியல, சாயங்காலம் ஆனா கொசு. ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே நின்னு போச்சு, அது எனக்கு இன்னும் வருத்தம் தான்.

கொசுன்னதும் சொல்றேன், நம்ம ஊர்ல இது சாதாரண விஷயம் இல்ல. யானைக்கால் நோயைப் பரப்புற க்யூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணியில தான் முட்டை போடும். கோரிமேடு இந்திரா நகர்ல இருக்கிற கொசு ஆராய்ச்சி நிலையம் 1975ல ஆரம்பிச்சது, 1981லேர்ந்து 85 வரைக்கும் புதுச்சேரி டவுன்லயே யானைக்கால் கட்டுப்பாட்டுக்கு பெரிய வேலை பாத்தாங்க, தேங்குற சாக்கடைத் தண்ணியைக் குறைக்கிறது அதுல ஒரு முக்கியமான பகுதி. அவ்ளோ கஷ்டப்பட்ட ஊர்ல நாமளே வாசல்ல தண்ணியத் தேக்கலாமா?

மஞ்சக்குப்பம்_வாத்தியார்

இன்னொண்ணும் இருக்கு. நம்ம பக்கம் தமிழ்நாட்டுல 2003லேர்ந்து எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அதனால நிறைய வீட்டுல அந்தப் பைப்பு நேரா உறை கிணத்துக்கோ சேகரிப்பு குழிக்கோ தான் போகுது. அதுல மெஷின் தண்ணி விட்டா சோப்பு நேரா நாம குடிக்கிற போர் தண்ணிக்கு போற மாதிரி தான். கடலூரும் புதுச்சேரியும் நிலத்தடித் தண்ணிய நம்பி இருக்கிற ஊரு, கடலோரத்துல ஏற்கெனவே உப்பு ஏறிக்கிட்டு இருக்கு, மிச்சம் இருக்கிற நல்ல தண்ணிய நாம பாத்துக்கணும் தம்பி.

லாஸ்பேட்டை_வாடகை

சார் எனக்கு அந்தக் குழி விஷயம் தோணவே இல்ல. எங்க பைப்பு எங்க போகுதுன்னு இன்னிக்கு பாக்குறேன். வாடகை வீடு, ஓனர்ட்ட பேசணும்.

முத்தியால்பேட்டை_மாடிவீடு

மழை விட்டுடுச்சு, மேல போயி பாத்தேன். அண்ணா நீங்க சொன்னது தான். பாத்ரூம் பக்கம் எறங்குற 3 இஞ்ச் பைப்பு மொட்டை மாடி வரைக்கும் வருது, ஆனா வாய்ல கல்லு வெச்சு சிமெண்ட் பூசி மூடி இருக்கு! அம்மாட்ட கேட்டா, ஆறு வருஷம் முன்னாடி மேல கூல் டைல்ஸ் போட்டப்போ கொத்தனார் "மழைத்தண்ணியும் எலியும் உள்ள போயிடும்மா"ன்னு சொல்லி மூடினதா சொல்றாங்க. இவங்களும் சரின்னுட்டாங்க.

ஆனா ஆறு வருஷமா நாத்தம் வரலயே அண்ணா, அது எப்படி?

ஓ.டி._பைப்புவேலை (கடலூர்)

ஏன்னா இவ்ளோ நாள் மாடி பாத்ரூம்ல மக்குல தான் தண்ணி ஊத்துனீங்க. அது ஓரமா ஓடுற தண்ணி, வாத்தியார் சொன்ன மாதிரி. காத்து இல்லாமலே சமாளிச்சுக்கிட்டு இருந்துச்சு. மெஷின் வந்ததும் தாங்கல.

இப்ப வேலையைச் சொல்றேன், உங்க பிளம்பர்ட்ட இதையே காட்டுங்க. மேல பைப்பு வாயை உடைக்கும்போது சிமெண்ட் துண்டு உள்ள விழாம ஒரு கோணித்துணிய சுருட்டி கயிறு கட்டி கொஞ்சம் கீழ அடைச்சுட்டு அப்புறம் உடைக்கணும். இதை மறந்தா கீழ பெண்டுல போயி கல்லு உக்காந்துரும், அப்புறம் அது தனி வேலை. உடைச்சு முடிச்சதும் அதே 3 இஞ்ச் பைப்பை ஆள் உயரத்துக்கு மேல ஏத்தி மேல கவுல் போட்டுடுங்க. கவுல் மூடி மாதிரி இருந்தாலும் பக்கவாட்டுல காத்து போகும், மழைக்கும் பயம் இல்ல. தண்ணி டேங்க் மூடிக்கும் ஜன்னலுக்கும் பக்கத்துல வாய் வராம பாத்துக்கங்க.

அப்புறம் மெஷினுக்கு தனி வழி. அந்த டீயைக் கழட்டி எம்-சீலை எடுத்துருங்க. சுவத்தோரமா 2 இஞ்ச் பைப்பு ஒண்ணு நிமித்தி நிக்க வைக்கணும், மேல்வாய் தரையிலேர்ந்து ரெண்டரை அடிக்கு கொஞ்சம் மேல, 80 செ.மீ. வெச்சுக்கங்க. அடியில பி டிராப் (தண்ணி நிக்கிற வளைவு பைப்பு), கிளீனிங் மூடி இருக்கிறதா பாத்து வாங்குங்க. டிராப்லேர்ந்து சுவத்தைத் தாண்டி போற பைப்பு அடிக்கு கால் இஞ்ச் வாட்டம், அதுக்கு கம்மியா போனா பஞ்சும் சோப்பும் அடியில படியும். வெளிய 3 இஞ்ச் பைப்புல சேர்க்கும்போது நேர் டீ வேணாம், ஒய் (Y மாதிரி சாய்ஞ்சு சேர்ற இணைப்பு) போடுங்க, தண்ணி கீழ்நோக்கியே சேரும். பாத்ரூம் டிராப்போட பைப்புல கலக்கவே கூடாது.

ஹோஸை அந்த நிக்கிற பைப்பு வாய்ல அஞ்சாறு இஞ்ச் உள்ள விட்டு ஒரு டையால கட்டுங்க போதும். சுத்தி இடைவெளி இருக்கணும், அதை அடைக்கக் கூடாது. நிறைய பேரு நாத்தம் வருமேன்னு அந்த வாயை அடைச்சுடுறாங்க, நாத்தத்தை அடியில இருக்கிற டிராப் பாத்துக்கும்.

அரியாங்குப்பம்_சைட்

அண்ணா சொன்னதோட சின்னதா ஒண்ணு சேக்குறேன். பைப்பு வாங்கும்போது மேல அச்சடிச்சிருக்கிறதைப் படிங்க மேடம். எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவு, மழைத்தண்ணி) பைப்புக்கு ஐ.எஸ். 13592, அதுல டைப் ஏ, டைப் பி ன்னு ரெண்டு இருக்கு. டைப் ஏ மெல்லிசு, ஏர் பைப்புக்கும் மழைத்தண்ணிக்கும். டைப் பி தான் கழிவுத் தண்ணிக்கு. மேல வென்ட்டுக்கு ஏ போதும், வெளிய ஒய் வைக்கிற துண்டுக்கு பி வாங்குங்க.

பழைய வீடுன்னு சொன்னீங்க, சுண்ணாம்புச் சுவரா இருந்தா உளி வெச்சு அடிக்க விடாதீங்க, செங்கல் பெயர்ந்து பெரிய பொந்தாயிடும். கோர் கட்டிங் மெஷின் வாடகைக்கு கிடைக்கும், வட்டமா சுத்தமா வரும், வெளிப்பக்கம் கொஞ்சம் எறக்கமா ஓட்டை போடச் சொல்லுங்க, மழைத்தண்ணி உள்ள வராது.

வில்லியனூர்_புதுவீடு

மேல பைப்பு ஏத்த முடியாத வீட்டுக்கு என்ன பண்றது? எங்க பைப்புக்கு மேல இப்ப ஒரு ரூம் கட்டிட்டோம்.

ஓ.டி._பைப்புவேலை (கடலூர்)

வெளிப்பக்கமா ஒதுக்கி ரெண்டு 45 பெண்டு போட்டு ரூம் சுவத்தோட ஏத்த முடியுமான்னு முதல்ல பாருங்க, பெரும்பாலும் முடியும். சுத்தமா வழியே இல்லன்னா ஏர் அட்மிட்டன்ஸ் வால்வ்னு ஒண்ணு வருது. பைப்புல காத்து கம்மியானா திறந்து உள்ள விடும், மத்த நேரம் மூடிக்கும். ஆனா அது காத்தை உள்ள மட்டும் தான் விடும், வெளிய விடாது. அதனால நுரை பொங்குறதை அது தடுக்காது. அதை சுவத்துக்குள்ள பூசி மறைக்கக் கூடாது, கைக்கு எட்டுற மாதிரி இருக்கணும், ரப்பர் கெட்டா மாத்தணும். வீட்டுல ஒரு பைப்பாவது மேல திறந்து இருக்கட்டும், அது இல்லாம வால்வை மட்டும் நம்பி இருக்க நான் சொல்ல மாட்டேன்.

ரெட்டியார்பாளையம்_கீழ்வீடு

அந்த கவுல்ல கொசுவலை கட்டணும்னு சொல்றாங்களே, வேணுமா?

ஓ.டி._பைப்புவேலை (கடலூர்)

செப்டிக் டேங்க் ஏர் பைப்புக்கு கண்டிப்பா கட்டுங்க, அது வழியா தான் கொசு ஆயிரக்கணக்குல வெளிய வரும். நைலான் வலை ரெண்டு வருஷத்துல வெயில்ல பொடிஞ்சு போகும், மாத்திக்கிட்டே இருக்கணும். ரொம்ப பொடி வலை கட்டி தூசி அடைச்சா திரும்ப காத்து நின்னுடும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவ மழைக்கு முன்னாடி ஏறி ஒரு கண்ணு பாத்துடுங்க. காக்கா குச்சி கொண்டு வந்து வைக்கும், குளவி கூடு கட்டும்.

ரெட்டியார்பாளையம்_கீழ்வீடு

சரிண்ணா. கீழ்வீட்டுக்காரங்களுக்கு நானும் ஒண்ணு சொல்லணும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் ராத்திரி புதுச்சேரியில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல மழை. ரோட்ல தண்ணி ஏற ஏற சேம்பர் (வெளிய இருக்கிற சாக்கடைத் தொட்டி) ரொம்பி, எங்க வீட்டுக்குள்ள வாசல் வழியா வர்றதுக்கு முன்னாடியே பாத்ரூம் டிராப் வழியா சாக்கடை பொங்கி வந்துச்சு. மெஷின் பாத்ரூம் பக்கத்து நடையில தான் இருந்துச்சு, அடியில இருக்கிற மோட்டர் நனைஞ்சு போச்சு. அப்புறம் தான் சேம்பருக்கு முன்னாடி ரிவர்ஸ் வராத வால்வ் போட்டேன், மெஷினை ஒரு அடி மேடை கட்டி ஏத்தி வெச்சேன். தரைவீட்டுல மெஷின் வைக்கிறவங்க பைப்பு போடுறப்பவே இதையும் யோசிச்சுக்கங்க.

செம்மண்டலம்_அக்கா

மேடை கட்டினா ஆடாதா?

ரெட்டியார்பாளையம்_கீழ்வீடு

செங்கல் வெச்சு உள்ள ரொப்பி கான்கிரீட் போட்டு ரசமட்டம் வெச்சு பாத்தோம்க்கா. ஃப்ரன்ட் லோட் 60 கிலோவுக்கு மேல வெயிட், இரும்பு ஸ்டாண்ட்ல வெச்சா ஸ்பின் நேரத்துல நகர்ந்துச்சு, மேடையில நகரல. உங்களுது பம்ப் இல்லாத டாப் லோட்னா மேடை இன்னும் நல்லது, தண்ணி எறங்க வாட்டம் கிடைக்கும்.

திருப்பாப்புலியூர்_தோட்டம்

எங்க தெருவுல பாதாளச் சாக்கடை கனெக்ஷன் இல்ல, செப்டிக் டேங்க் தான். மெஷின் தண்ணிய அதுல விடலாமா?

ஓ.டி._பைப்புவேலை (கடலூர்)

விடாம இருந்தா நல்லது சார். ஒரே நேரத்துல வேகமா நிறைய தண்ணி போயி உள்ள தெளிஞ்சு நிக்கிறதை எல்லாம் கலக்கி, மலம் கரையாமலே சோக் பிட்டுக்கு (தண்ணி மண்ணுல உறிஞ்சுற குழி) தள்ளிடும், பிட் சீக்கிரம் அடைஞ்சுடும். குளிக்கிற தண்ணி, மெஷின் தண்ணி ரெண்டையும் கல்லி டிராப் வழியா தனி சோக் பிட்டுக்கு விடுங்க. கிணத்துலேர்ந்தும் போர்லேர்ந்தும் முடிஞ்ச அளவு தள்ளி தோண்டுங்க.

முத்தியால்பேட்டை_மாடிவீடு

எல்லாருக்கும் வணக்கம், பத்து நாள் கழிச்சு எழுதுறேன், வேலை முடிஞ்சுது.

இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி படமும் வரைஞ்சு வேற ஒரு பிளம்பர்ட்ட காட்டினேன். அவரு படிச்சுட்டு "இதை யாரு சொன்னது, சரியா சொல்லி இருக்காங்க"ன்னாரு. சந்து குறுகல், மூணடி தான், அதனால சாரம் கட்ட ஒரு நாள் போயிடுச்சு. கோணித்துணி அடைச்சு தான் மேல உடைச்சாங்க, ஒரு கை நிறைய சிமெண்ட் துண்டு அந்தத் துணியில வந்துச்சு அண்ணா, அது மட்டும் உள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா பதறுது. வாயைத் திறந்த உடனே உள்ளேர்ந்து சூடா ஒரு காத்து வந்துச்சு, ஆறு வருஷமா அடைஞ்சு கிடந்தது.

ஒரு இடத்துல மட்டும் நான் விட்டுக் கொடுக்கல. வெளிய ஒய் கிடைக்கல டீ வெச்சுக்கலாம்னு சொன்னாங்க. நானே ஸ்கூட்டி எடுத்துட்டுப் போயி மூணு கடை ஏறி எறங்கி 3 இஞ்சுக்கு 2 இஞ்ச் ஒய் வாங்கிட்டு வந்தேன். பி டிராப் அடியில மூடி இருக்கிறதா கிடைச்சுது.

முதல் வாஷ் போட்டப்போ நானும் அம்மாவும் பாத்ரூம் வாசல்ல நின்னு பாத்தோம். தண்ணி தள்ளுற சத்தம் பைப்புல கேக்குது, தரை டிராப் அசையாம நிக்குது. முடிஞ்சதும் குச்சி விட்டு அளந்தேன், ரெண்டு இஞ்ச் அப்படியே இருக்கு. வாஷ் ஒரு மணி அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. நாத்தம் இல்ல.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. வாஷ் நேரத்துல நிக்கிற பைப்பு வாய் வரைக்கும் தண்ணி ஏறி வர்ற மாதிரி இருக்கு, வெளிய கொட்டல, ஆனா ஒரு சாண் கீழ வரைக்கும் வந்துட்டு எறங்குது. இது சரியா?

ஓ.டி._பைப்புவேலை (கடலூர்)

ரொம்ப சந்தோஷம்மா. அந்த ஏத்தம் ஆரம்பத்துல கொஞ்சம் இருக்கும், டிராப் வளைவைத் தாண்டறதுக்கு தண்ணிக்கு கொஞ்சம் உயரம் தேவைப்படுது. இன்னிக்கு எது வரைக்கும் வருதோ பைப்பு மேல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வைங்க. நாளைக்கு அந்தக் கோட்டைத் தாண்டி வந்தா டிராப்ல பஞ்சு சேருதுன்னு அர்த்தம், அடியில ஒரு பக்கெட் வெச்சு மூடியைத் திறந்து கழுவி விடுங்க. போர் தண்ணி உப்பா இருந்தா சோப்போட சேர்ந்து வெள்ளையா மெழுகு மாதிரி கட்டும், அதனால மாசம் ஒரு தடவ மெஷினோட பில்ட்டரையும் கழட்டி பாருங்க. வெளியூர் போயி ரெண்டு வாரம் மெஷின் ஓடலன்னா, வந்ததும் நிக்கிற பைப்புல ஒரு மக்கு, தரை டிராப்ல ஒரு மக்கு தண்ணி ஊத்திடுங்க, வெயில் காலத்துல டிராப் தண்ணி காஞ்சு போகும்.

கீழ்வீட்டு பாத்ரூமும் அதே 3 இஞ்ச் பைப்புல தான் சேருதா?

முத்தியால்பேட்டை_மாடிவீடு

ஆமாண்ணா. கீழ குடியிருக்கிறவங்க ரொம்ப நாளா பாத்ரூம்ல கரப்பான் வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, நான் மருந்து அடிச்சு விட்டேன், பைப்பா இருக்கும்னு நினைக்கவே இல்ல. நாளைக்கு அவங்க டிராப்பையும் திறந்து குச்சி விட்டு பாத்துட்டு இங்க எழுதுறேன். கோடு போட்டாச்சு, பச்சை மார்க்கர்ல.